கடை வாசலில் தேசியக் கொடி

ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால் நம் கடைகளில் கொடிச் சரக்கு வந்து இறங்கிவிடுகிறது. சட்டையில் குத்தும் கொடி, குச்சியில் ஒட்டிய காகிதக் கொடி, வண்டியில் கட்டும் கொடி, மாடியில் ஏற்றும் துணிக் கொடி எனப் பல அளவுகளில் அவை கல்லாவுக்குப் பக்கத்திலேயே தொங்கும். 15ஆம் தேதி காலையில் கடைவீதி முனையில் சங்கத்தின் சார்பில் கொடியேற்றி மிட்டாய் வழங்குவதும் நமக்குப் பழகிய வழக்கம். ஆக, கொடியை விற்பவர்களும் நாமே, ஏற்றுபவர்களும் நாமே.

அப்படியிருந்தும் அதன் முறைகளை நம்மில் பலர் முழுதாக அறிந்துகொள்ளவில்லை. கம்பத்தின் உச்சியில் பூமாலை சுற்றுகிறோம். குட்டிக் கொடிகளை நூலில் கோத்துத் தோரணமாகக் கட்டுகிறோம். மேடை மேசைக்கு மூவர்ணத் துணியை விரிக்கிறோம். இவையெல்லாம் மரியாதை என்று நினைத்தே செய்யப்படுகின்றன. கொடி விதிகளோ இவை எதையும் ஏற்பதில்லை. கொடியை அவமதித்தால் மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை என்று ஒரு சட்டமும் இருக்கிறது. ஆகவே இந்தக் கொடி எப்படி வந்தது, நம் கடை வாசலுக்கு அதை ஏற்றும் உரிமை எப்படிக் கிடைத்தது, ஏற்றவும் விற்கவும் என்ன முறை என்பதை இங்கே தொகுத்துச் சொல்கிறோம்.

கொடி வந்த வழி

1921ல் விஜயவாடாவில் காங்கிரஸ் குழு கூடியபோது, மசூலிப்பட்டினம் பக்கத்தைச் சேர்ந்த பிங்கலி வெங்கையா தாம் வரைந்த கொடியைக் காந்தியடிகளிடம் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்து, 1931ல் காவி, வெள்ளை, பச்சை என்ற வரிசையில் நடுவே இராட்டையோடு கூடிய கொடியைக் காங்கிரஸ் ஏற்றுக்கொண்டது. நிறங்களுக்கு மதத்தின் பெயரால் பொருள் கொள்ளக் கூடாது என்பதும் அப்போதே சொல்லப்பட்டது.

இதற்கிடையில் கொடியைக் கையில் பிடித்ததற்காகவே மக்கள் சிறை சென்ற காலம் ஒன்று உண்டு. 1923ல் நாகபுரியில் கொடி ஊர்வலத்துக்கு அரசாங்கம் தடை போட்டது. அதை மீறி நாள்தோறும் தொண்டர்கள் கொடியோடு கிளம்பிக் கைதானார்கள். அந்தச் சத்தியாக்கிரகத்தை முன்நின்று நடத்திச் சிறை சென்றவர் ஜம்னாலால் பஜாஜ். அவர் யார்? வார்தாவின் பெரிய வியாபாரி, நம் இனம். பின்னர் வல்லபாய் படேல் பொறுப்பேற்று நடத்தி, அந்த ஆகஸ்டில் ஊர்வலம் தடைப்பட்ட வீதி வழியாகவே சென்றது. வியாபாரிகள் கல்லாவை விட்டு எழ மாட்டார்கள் என்று பேசுபவர்களுக்கு இந்த ஒரு பெயரைச் சொன்னால் போதும்.

நம் பக்கத்துக் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, திருப்பூருக்குப் பிழைக்க வந்த குமரன், 1932 ஜனவரி 10ஆம் தேதி ஊர்வலத்தில் தடியடி பட்டு, மறுநாள் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 27. அடிபட்டு விழுந்த நிலையிலும் கொடியை விடாததால் கொடி காத்த குமரன் ஆனார். அதே மாதம் 26ஆம் தேதி சென்னைக் கோட்டையின் கொடிக் கம்பத்தில் இரவோடு இரவாக ஏறி நம் கொடியைக் கட்டியவர் ஆர்யா என்ற பாஷ்யம். அந்தத் தேதிக்கும் காரணம் உண்டு. 1930 முதல் ஜனவரி 26ஐத்தான் காங்கிரஸ் சுதந்திர தினமாகக் கொண்டாடி வந்தது. அந்த நாள் வீணாகக் கூடாது என்பதற்காகவே 1950ல் அரசியல் சட்டம் அதே தேதியில் நடைமுறைக்கு வந்தது.

சுதந்திரம் உறுதியானதும் ராஜேந்திர பிரசாத் தலைமையில் கொடிக்காக ஒரு குழு அமைக்கப்பட்டது. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு தீர்மானத்தை முன்மொழிய, இன்றைய கொடி ஏற்கப்பட்டது. இராட்டை இருந்த இடத்தில் சாரநாத் தூணின் அசோகச் சக்கரம் வந்தது. மேலே காவி, நடுவில் வெள்ளை, கீழே பச்சை, மூன்றும் ஒரே அகலம். சக்கரம் கருநீலம், ஆரங்கள் 24. நீளம் மூன்று பங்கு என்றால் அகலம் இரண்டு பங்கு. ஜூலை 22 கொடி பிறந்த நாளாக நினைவுகூரப்பட்டாலும் விடுமுறை நாள் அல்ல. கொடியின் திருநாளாக நாம் கொண்டாடுவது ஆகஸ்ட் 15ஐயும் ஜனவரி 26ஐயும்தான். டிசம்பர் 7ஆம் தேதி உண்டியலோடு கடைக்கு வருகிறார்களே, அந்தக் கொடி நாள் வேறு. அது 1949 முதல் முப்படை வீரர்களின் நலனுக்கு நிதி திரட்டும் நாள்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். செங்கோட்டையில் நேரு முதன்முதலில் கொடியேற்றியது ஆகஸ்ட் 15 அல்ல, 16ஆம் தேதிதான். சென்னைக் கோட்டையிலோ 15ஆம் தேதி விடியற்காலையிலேயே கொடி ஏறிவிட்டது. 12 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ள அந்தப் பட்டுக் கொடி கோட்டை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. சென்னைக்குக் கொள்முதலுக்குப் போகிறவர்கள் பாரிமுனையிலிருந்து நடந்தே போய்ப் பார்த்து வரலாம். சுதந்திர தினத்தன்று மாநிலங்களில் ஆளுநர்களே கொடியேற்றி வந்த வழக்கம் மாறி, முதலமைச்சர்கள் ஏற்றத் தொடங்கியது 1974ல். அந்த உரிமையைக் கேட்டுப் பெற்றவர் அன்றைய முதலமைச்சர் கருணாநிதி.

ஆலை வாசலில் தொடங்கிய வழக்கு

முதலமைச்சர்களுக்கு உரிமை வந்தது 1974ல். சாதாரண வியாபாரிக்கு எப்போது வந்தது? அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் ஆயின. குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி போன்ற குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே தனியார் கொடியேற்றலாம் என்பதுதான் பழைய விதி. மற்ற நாளில் கடையிலோ வீட்டிலோ ஏற்றினால் அதிகாரி வந்து இறக்கச் சொல்லலாம்.

ராய்கரில் இரும்பாலை நடத்திய நவீன் ஜிண்டாலுக்கு அதுதான் நேர்ந்தது. ராய்கர் அன்று மத்தியப் பிரதேசத்தில் இருந்தது, இன்று சத்தீஸ்கரில் உள்ளது. அமெரிக்காவில் படித்தபோது அங்கே மக்கள் தம் நாட்டுக் கொடியைத் தாராளமாகப் பறக்கவிடுவதைப் பார்த்தவர் அவர். திரும்பி வந்து தம் ஆலை வளாகத்தில் நம் கொடியை ஏற்றினார். அதிகாரிகள் தடுத்தார்கள். இறக்கிவிட்டு வேலையைப் பார்ப்போம் என்று அவர் விட்டுவிடவில்லை, தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1995 செப்டம்பரில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. வழக்கு நடக்கும்போதே அரசு ஒரு குழுவை அமைத்து ஆராய்ந்து, பழைய விதிகளைத் தளர்த்தி, புதிய இந்தியக் கொடி விதித் தொகுப்பைக் கொண்டுவந்தது. 2002 ஜனவரி 26 முதல் எந்தக் குடிமகனும் எந்த நாளிலும் உரிய மரியாதையோடு கொடியேற்றலாம் என்றாயிற்று.

2004 ஜனவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கியது. மரியாதையோடு கொடியைப் பறக்கவிடுவது அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு தரும் கருத்துரிமையில் அடங்கும் என்றது. கூடவே, அது கட்டுப்பாடு இல்லாத உரிமை அல்ல, 1950ஆம் ஆண்டின் சின்னங்கள் பெயர்கள் சட்டத்துக்கும் 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்துக்கும் உட்பட்டது என்றும் சொன்னது. கொடி விதித் தொகுப்பு தனிச் சட்டம் அல்ல, ஆனால் கொடியின் மதிப்பைக் காக்க அதில் சொன்னவற்றைப் பின்பற்ற வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. இந்த வேறுபாட்டை நாம் நினைவில் வைக்க வேண்டும். தொகுப்பு முறையைச் சொல்கிறது. தண்டனை தருவது அந்த இரண்டு சட்டங்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இரண்டாம் முறை குற்றம் நிரூபணமானால் ஓராண்டுக்குக் குறையாத சிறை.

ஏற்றும் முறை

கொடி பறக்கும் இடம் மதிப்பான இடமாக, நன்றாகத் தெரியும் இடமாக இருக்க வேண்டும். ஷட்டரின் கொக்கியில் மாட்டுவதும், காலி டின்கள் அடுக்கிய மூலையில் செருகுவதும் முறையல்ல. காவி மேலே வருகிறதா என்று கயிற்றில் கட்டும்போதே ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். தலைகீழாய் ஏறிய பிறகு பதறுவதைவிட அது மேல். ஏற்றும்போது விறுவிறுப்பாகவும், இறக்கும்போது நிதானமாகவும் கயிற்றை இழுக்க வேண்டும். மடித்துக் கட்டிய கொடிக்குள் பூவிதழ் வைத்து உச்சியில் விரித்துவிடும் நம் வழக்கம் குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் விதியிலேயே அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கம்பத்தின் மேலோ உச்சியிலோ பூ, மாலை, சின்னம் எதுவும் வைக்கக் கூடாது. மாலை போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் காந்தி படம் ஒன்றை வைத்து அதற்குப் போடுங்கள்.

சங்கங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. சங்கக் கொடியையும் தேசியக் கொடியையும் ஒரே கம்பத்தில் ஏற்றக் கூடாது. தேசியக் கொடிக்கு மேலாகவோ, உயரமாகவோ, பக்கத்தில் இணையாகவோ வேறு கொடி பறக்கக் கூடாது. மே 5 வணிகர் தினத்தன்று நம் கொடிக்கு உரிய இடம் இருக்கவே இருக்கிறது. ஆகஸ்ட் 15 அன்று அந்த இடத்தைத் தேசியக் கொடிக்கு மட்டும் விட்டுவிடுவதே நல்லது. அதேபோல் சங்க நிர்வாகி ஒருவர் மறைந்தால் துக்கத்துக்காகத் தேசியக் கொடியை அரைக் கம்பத்தில் பறக்கவிடும் அதிகாரம் நமக்கு இல்லை. அரசு அறிவித்தால் மட்டுமே அது செய்யலாம். அவர் உடல்மீது தேசியக் கொடியைப் போர்த்துவதும் கூடாது. அது அரசு மரியாதையோடும் படை மரியாதையோடும் நடக்கும் இறுதிச் சடங்குகளுக்கு உரியது. சங்கக் கொடியைப் போர்த்தலாம், அதுவே அவருக்குப் பொருத்தம்.

கம்பம் இல்லாத சிறு கடைக்காரர் சுவரில் கட்டலாம். படுக்கையாகக் கட்டினால் காவி மேலே. நெடுக்காகத் தொங்கவிட்டால், எதிரே நின்று பார்ப்பவருக்கு இடது கைப் பக்கம் காவி வர வேண்டும். இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பால்கனியிலிருந்து சாய்வாகக் கம்பு நீட்டினால் காவி வெளிமுனைப் பக்கம் இருக்கும். கொடி தரையையோ நீரையோ தொடக் கூடாது. அதன்மேல் எதுவும் எழுதக் கூடாது. வண்டியின் முகப்பிலும் மேலும் போர்த்தக் கூடாது, மேசை விரிப்பாகவும் மேடைத் துணியாகவும் ஆக்கக் கூடாது. தோரணமாகவும் கட்டக் கூடாது என்பதால் அலங்காரத்துக்கு மாவிலை இருக்கிறது, வாழைமரம் இருக்கிறது.

சூரியன் மறையுமுன் இறக்க வேண்டும் என்ற பழைய விதி 2022 ஜூலையில் மாறியது. திறந்த வெளியிலும் வீட்டிலும் மக்கள் ஏற்றும் கொடி இரவும் பகலும் பறக்கலாம். அதனால் அதை மறந்துவிடலாம் என்று பொருளில்லை. ஆடிக் காற்று முழுதாக அடங்காத நாட்கள் அவை. இரண்டு மழையும் நான்கு நாள் காற்றும் பட்டால் ஓரம் பிரிந்துவிடும். கிழிந்த, வெளுத்த, கசங்கிய கொடி பறப்பது விதிக்கு மாறானது. மாலையில் கடை அடைக்கும்போதே இறக்கிவிடும் பழக்கத்தை வைத்துக்கொண்டால் கவலை இல்லை.

சரக்கும் சட்டமும்

பழங்காலத்தில் துணிக் கொடி என்றால் கையால் நூற்று நெய்த கதர் மட்டுமே. 2021 டிசம்பர் 30ஆம் தேதித் திருத்தம் இயந்திரத்தில் நெய்ததையும், பாலியஸ்டரையும் அனுமதித்தது. பருத்தி, கம்பளி, பட்டு, கதர் எப்போதும்போல் உண்டு. விதிகளுக்கு உட்பட்ட தேசியக் கொடி எந்தத் துணியில் ஆனதாயினும் அதற்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு என்று நிதி அமைச்சகம் 2022 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. பில் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

பிளாஸ்டிக் கொடி மட்டும் வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும், நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதலும் அது தடைப் பட்டியலில் இருக்கிறது. பழைய இருப்பு கிடங்கில் கிடந்தாலும் விற்க முடியாது. தேசியக் கொடி என்பதால் சோதனைக்கு வருபவர் விட்டுவிடுவார் என்று எண்ண வேண்டாம்.

மொத்தக் கொள்முதல் செய்பவர்கள் கட்டைப் பிரித்து இரண்டு கொடியை எடுத்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். நம் நாட்டின் தர நிர்ணய வரிசையில் முதல் எண்ணே தேசியக் கொடிக்குத்தான். எண்ணெய்க்கும் பருப்புக்கும் முத்திரை பார்க்கிற நாம் கொடிக்கு அளவாவது பார்க்க வேண்டாமா? 900 மில்லிமீட்டர் நீளம் என்றால் அகலம் 600, 450 என்றால் 300. துணியை மிச்சம் பிடிக்க அகலத்தைக் குறைத்து வெட்டிய சரக்கு சந்தையில் நிறையவே வருகிறது. சக்கரம் முட்டை வடிவில் நீண்டிருக்கும், நடுவிலிருந்து விலகியிருக்கும், ஆரங்களை எண்ணினால் 20 தேறாது. காவி என்று சொல்லிச் செங்கல் நிறத்தில் இருக்கும். இவற்றைத் திருப்பி அனுப்புவதில் தயக்கம் வேண்டாம். மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கி விற்றால் பெயர் கெடுவது தயாரித்தவருக்கல்ல, நமக்குத்தான்.

அடுத்தது விளம்பரம். 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி இல்லாமல் தேசியக் கொடியை வியாபாரத்துக்கோ வணிகச் சின்னத்துக்கோ பயன்படுத்த முடியாது. அரிசிப் பையின் முகப்பில் மூவர்ணமும் சக்கரமும் அச்சடித்து ஒரு பிராண்டு ஓட்டலாம் என்று யாராவது அச்சகத்தில் யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். சட்டத்தையும் விட்டுவிடுவோம், அந்தப் பை அரிசி தீர்ந்ததும் எங்கே போகும்? வாசலில் கால் துடைக்கப் போடுவார்கள். பொருளை வைத்துக் கொடுக்கவும், வாங்கவும், சுமக்கவும் கொடியைப் பயன்படுத்துவது 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவமதிப்பு என்றே எழுதப்பட்டிருக்கிறது. அச்சட்டம் துணிக் கொடியை மட்டும் சொல்லவில்லை. கொடியின் படம், கொடியின் ஒரு பகுதி, எதில் வரைந்திருந்தாலும் கொடியாகவே கொள்ளப்படும். மஞ்சப்பை, பொட்டலத் தாள், இனிப்புப் பெட்டி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கொடி அச்சிட்ட கைக்குட்டை, மெத்தை உறை, கை துடைக்கும் தாள் ஆகியவையும் தடுக்கப்பட்டவையே. சுதந்திர தின வாழ்த்து அடிக்க விரும்புபவர்கள் கொடியின்மேல் கடைப் பெயரை அச்சிடாமல், வெறும் எழுத்தில் வாழ்த்தைப் போடலாம்.

விடுமுறையும் சம்பளமும்

கொடியேற்றிவிட்டு உடனே ஷட்டரைத் தூக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 1958ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டப்படி தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும் பணியாளர்களுக்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை. மளிகைக் கடையை அன்று அடைக்க இயலாது என்பது நமக்குத் தெரியும். ஆளை வேலைக்கு வைக்கத் தடையில்லை, முறை உண்டு. குறைந்தது 24 மணி நேரம் முன்னதாகப் பணியாளருக்கு எழுத்தில் தெரிவித்து, தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு அதன் நகலை அனுப்ப வேண்டும். அன்றைய வேலைக்கு இரட்டிப்புச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பள விடுமுறை தர வேண்டும். இந்த நாட்களில் தொழிலாளர் துறை கடை கடையாகச் சோதனைக்கு வருவது நாம் ஆண்டுதோறும் காண்பதே. கொடியேற்ற நிகழ்ச்சிக்குக் கடைப் பையனையும் அழைத்து நிறுத்துங்கள். கயிற்றை அவன் கையில் கொடுத்தாலும் தவறில்லை. ஏற்றுவதற்கு இன்னாருக்குத்தான் தகுதி என்று எந்த விதியும் இல்லை.

16ஆம் தேதி

விழா முடிந்த மறுநாள் காலை வாசல் பெருக்கும்போது காகிதக் கொடிகள் குப்பையோடு குப்பையாக வரும். காகிதக் கொடியை மக்கள் கையில் ஏந்தி அசைக்க விதி இடம் தருகிறது. ஆனால் தரையில் போடக் கூடாது, உரிய மரியாதையோடு தனியிடத்தில் அகற்ற வேண்டும் என்கிறது. கொடி விற்கிற கடையில் 15ஆம் தேதி மாலை ஓர் அட்டைப் பெட்டியை முன்னால் வைத்து, பயன்படுத்திய கொடிகளை இங்கே போடலாம் என்று எழுதி வைத்தால் பாதி வேலை முடிந்தது. பிள்ளைகள் ஓடி வந்து போடுவார்கள்.

நல்ல நிலையில் உள்ள துணிக் கொடியை இருவராகப் பிடித்து மடிக்க வேண்டும். காவியையும் பச்சையையும் வெள்ளைக்குப் பின்னால் மடித்து, பிறகு இரு பக்கமும் நடுவை நோக்கி மடித்தால் சக்கரமும் அதன் மேலும் கீழும் இரு நிறங்களும் மட்டும் தெரியும். ஈரம் இருந்தால் உலர்த்திய பிறகே மடிக்கவும், இல்லாவிட்டால் கறை பிடித்துவிடும். புளி, மிளகாய் மூட்டைப் பக்கம் வைக்காமல் அலமாரியில் துணியில் சுற்றி வைத்தால் ஜனவரிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கிழிந்துபோனதை ஒட்டுப் போடுவதும், வண்டி துடைக்க எடுப்பதும், பழைய துணியோடு போடுவதும் கூடாது. முழுதாக, தனியிடத்தில், எரித்துவிடுவதே விதி சொல்லும் சிறந்த வழி. மரியாதைக்குக் குறைவில்லாத வேறு வழியும் ஏற்கத்தக்கதே. பொது இடத்தில் கொடியை எரிப்பது குற்றம் என்பதால் கடைவீதியில் குப்பைக்கு வைக்கும் தீயில் போட்டுவிட வேண்டாம். பாலியஸ்டர் எரிந்தால் உருகிச் சொட்டும், புகையும் கெட்டது. ஆகவே வீட்டுக் கொல்லையில், ஒவ்வொன்றாக, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு செய்யுங்கள்.